சொன்ன மந்திரி மாறிவிட்டார், சொன்ன சொல் யார் கணக்கில்?

தென்கடல்_வத்தை
எல்லோருக்கும் வணக்கம். ராமநாதபுரம் மாவட்டத்தில் ஏர்வாடிக்கும் கீழக்கரைக்கும் நடுவில் எங்கள் ஊர். எல்லாம் நாட்டுப்படகு, வத்தைதான். தென்மேற்குப் பருவத்துக் கச்சான் காற்று எழும்பிவிட்டால் அலை கரையை அறுத்துக்கொண்டே வருகிறது. போன வருஷம் வலை காயப்போட்ட இடத்தில் இந்த வருஷம் முழங்கால் தண்ணீர். அலையைத் தடுக்கக் கடலுக்குள் கல் கொட்டிக் கட்டும் தூண்டில் வளைவு போட்டுத் தாருங்கள் என்று மனு எழுதியே எங்கள் தலைவருக்குக் கையெழுத்து அழகாகிவிட்டது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மந்திரி ஊருக்கு வந்தார். மேடையில், மைக்கில், "இது என் வாக்கு, அடுத்த கச்சானுக்குள் கல் விழும்" என்றார். நாங்களும் வெடி போட்டோம். அப்புறம் அவருக்கு இலாகா மாறியது. புது மந்திரியைப் போய்ப் பார்த்தோம். காபி கொடுத்தார், "பார்க்கலாம்" என்றார். கீழே ஓர் அலுவலகத்தில் விசாரித்தால், அப்படி ஒரு ஃபைலே இல்லை என்கிறார்கள்.

மந்திரிசபைக்குக் கூட்டுப்பொறுப்பு என்று பள்ளிக்கூடத்தில் படித்த ஞாபகம். ஒருவர் சொன்னால் எல்லோரும் சொன்ன கணக்குத்தானே? அப்படியானால் பழைய மந்திரியின் வாக்கு புது மந்திரியைக் கட்டாதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாம்பன்_பாலத்தடி
மேடையில் சொன்னது காற்றோடு போச்சு அண்ணே. வெடி போட்ட காசைக் கணக்குப் பார்த்திருந்தால் நாலு கல்லாவது வாங்கிப் போட்டிருக்கலாம்.

சட்டப்புள்ள
அண்ணா, கூட்டுப்பொறுப்பு இருக்கிறது. ஆனால் நீங்கள் நினைக்கும் இடத்தில் இல்லை. அரசியலமைப்பின் 164(2) சொல்வது, மாநில மந்திரிசபை முழுவதும் சேர்ந்து சட்டமன்றத்துக்குப் பொறுப்பு என்பது. மத்தியில் 75(3), அங்கே மக்களவைக்குப் பொறுப்பு. யாருக்குப் பொறுப்பு என்பதைக் கவனியுங்கள். உங்கள் ஊர் மேடைக்கு இல்லை. சபைக்கு.

சபையில் நம்பிக்கை போனால் ஒரு மந்திரி மட்டும் போக முடியாது, மொத்தப் பேரும் போக வேண்டும். 1999 ஏப்ரல் 17-ல் வாஜ்பாய் அரசு 269-க்கு 270 என்று ஒரே ஓட்டில் தோற்றது. எந்த இலாகா சரியாக நடந்தது, எது நடக்கவில்லை என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. மொத்த மந்திரிசபையும் ராஜினாமா.

தென்கடல்_வத்தை
அதாவது வத்தை கவிழ்ந்தால் துடுப்புப் போட்டவனும் முங்குவான், தூங்கிக்கொண்டு வந்தவனும் முங்குவான். சரி. கவிழாதபோது என்ன?

தேவிபட்டினம்_டீச்சர்
கவிழாதபோதுதான் தம்பி சுவாரஸ்யமே. உள்ளே எவ்வளவு சண்டை வேண்டுமானாலும் போடலாம், வெளியே வந்தால் ஒரே குரல். முடிவு பிடிக்கவில்லை என்றால் ராஜினாமா செய்துவிட்டுப் பேச வேண்டும். 1965-ல் மொழிப் பிரச்சினை கொதித்தபோது மத்திய அமைச்சர்களாக இருந்த சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அழகேசனும் அப்படித்தான் ராஜினாமா கொடுத்தார்கள். பிறகு திரும்பப் பெற்றுக்கொண்டார்கள் என்பது வேறு விஷயம். ஆனால் பதவியில் இருந்துகொண்டே "எனக்கு இதில் உடன்பாடில்லை" என்று அவர்கள் ஊர் ஊராகப் பேசவில்லை.

இன்னொன்று, தனிப்பொறுப்பு. தன் இலாகாவில் நடந்ததற்கு மந்திரி தானே பொறுப்பேற்பது. 1956 நவம்பரில் அரியலூர் ரயில் விபத்து. ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பதவியை விட்டார். அவர் தண்டவாளத்தைக் கழற்றவில்லை, ரயிலை ஓட்டவில்லை. இருந்தும் போனார். 1964 டிசம்பர் புயலில் நம் தனுஷ்கோடி ரயில் கடலில் போனபோது அதே சாஸ்திரிதான் பிரதமர். எங்கள் அப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்.

பாம்பன்_பாலத்தடி
டீச்சர், அதெல்லாம் அந்தக் காலம். இப்போது மந்திரிசபை என்பது ஒருவர் சொல்ல மற்றவர்கள் தலையாட்டுவது. கேபினட் கூட்டம் ஒரு மணி நேரத்தில் முடிகிறது. அதில் என்ன விவாதம் நடக்கும்? முதலமைச்சர் ஒருவருக்குத்தான் பவர், மற்றவர்களுக்குச் சுழல் விளக்குக் கார். அதையும் எடுத்துவிட்டார்கள்.

கோப்புக்காரர்
நான் தலைமைச் செயலகத்தில் இருபத்தெட்டு வருஷம் ஃபைல் தள்ளியவன். இப்போது ராமநாதபுரத்தில் ஓய்வு. பாம்பன் தம்பி சொல்வதில் பாதி உண்மை. முதலமைச்சர் மற்ற மந்திரிகளுக்குச் சமமானவர் என்பது புத்தகத்தில்தான். இலாகாவைப் பிரித்துக் கொடுப்பவர் அவர், எடுப்பவரும் அவர். அவர் போனால் மந்திரிசபையே போச்சு. 2016 டிசம்பர் 6 அதிகாலை நினைவிருக்கிறதா? முந்தின இரவு ஜெயலலிதா காலமானார். ஒரு மணிக்கு மேல் ஓ. பன்னீர்செல்வம் பதவியேற்றார். அவரோடு பழைய மந்திரிகளும் அந்த நேரத்தில் நின்று மறுபடி உறுதிமொழி எடுத்தார்கள். அதே முகம், அதே இலாகா. ஆனால் முதலமைச்சர் இல்லாமல் அவர்கள் யாரும் சட்டப்படி மந்திரி இல்லை.

மீதிப் பாதி தப்பு. கூட்டம் ஒரு மணி நேரத்தில் முடிகிறது என்றால், சண்டை அதற்கு முன்னால் ஃபைலில் முடிந்துவிட்டது என்று அர்த்தம். எந்த இலாகா ஒரு விஷயத்தைக் கேபினட்டுக்குக் கொண்டுபோக நினைத்தாலும், குறிப்பு தயாரித்து, சம்பந்தப்பட்ட மற்ற இலாகாக்களுக்கு அனுப்பி, நிதித்துறையின் கருத்தை வாங்கி, தேவைப்பட்டால் சட்டத்துறையையும் கேட்டுத்தான் மேசைக்குக் கொண்டுவர வேண்டும். நிதித்துறை ஒரு வரி எழுதும் பாருங்கள், அதற்குப் பதில் எழுதியே எனக்கு முடி கொட்டியது.

எல்லாமே கேபினட்டுக்குப் போவதும் கிடையாது. எது மந்திரி அளவில், எது முதலமைச்சர் அளவில், எது கேபினட்டில் என்று அலுவல் விதிகள் இருக்கின்றன. தூண்டில் வளைவு மாதிரி வேலைகள் பெரும்பாலும் இலாகாவுக்குள், நிதித்துறையின் ஒப்புதலோடு முடியும்.

இப்போது வத்தைத் தம்பிக்கு. மேடையில் மந்திரி சொன்ன வாய்ச்சொல் அரசின் சொல் ஆகாது. அரசாணை ஆனால்தான் ஆகும். எந்த அரசாணையையாவது கையில் எடுத்துப் பாருங்கள். மேலே "அரசாணை (நிலை) எண்" என்று இருக்கும். கீழே, முடிவில், அடைப்புக்குறிக்குள் "ஆளுநரின் ஆணைப்படி". அதற்கும் கீழே செயலாளர் கையெழுத்து. மந்திரியின் கையெழுத்து அதில் எங்குமே இருக்காது. மந்திரி ஒப்பமிட்டது உள்ளே ஃபைலில், பச்சை மையோ நீல மையோ. வெளியே வருவது ஆளுநர் பெயரில். அதனால்தான் மந்திரி மாறினாலும், ஆட்சியே மாறினாலும், ரத்து செய்கிறவரைக்கும் அது நிற்கும். பணம் சம்பந்தப்பட்டது என்றால் கடைசிப் பத்தியில் நிதித்துறையின் அ.சா. எண், அதாவது நிதித்துறை இசைவு தந்த குறிப்பின் எண், இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத அறிவிப்பை நம்பி கருங்கல்லுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

மண்டபம்_கேம்ப்
நல்ல உதாரணம் நம் ஊரிலேயே இருக்கிறது. 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் மீனவர் மாநாடு. மீன்பிடித் தடைக்கால நிவாரணம் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆகும் என்று முதலமைச்சர் அறிவித்தார். நானும் கூட்டத்தில் வெயிலில் நின்றேன். மறுநாளே பாங்க் பாஸ்புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனவர்களும் உண்டு! அறிவித்தவர் முதலமைச்சரே ஆனாலும் அரசாணை வந்து, பட்டியல் சரிபார்த்துத்தான் கணக்கில் ஏறும்.

தென்கடல்_வத்தை
கோப்புக்காரர் சார், மந்திரியின் கையெழுத்தே இருக்காது என்பது எனக்குப் புதுசு. ஆனால் ஒரு சந்தேகம். ஆளுநர் பெயரில் என்றால், ஆளுநர் "மாட்டேன்" என்றால்?

சட்டப்புள்ள
163-வது பிரிவு: முதலமைச்சரைத் தலைவராகக் கொண்ட மந்திரிசபை ஆளுநருக்கு உதவியும் ஆலோசனையும் தரும். "ஆலோசனை" என்ற சொல்லைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அரசியலமைப்பே ஆளுநரின் விருப்புரிமைக்கு விட்டிருக்கும் சில இடங்கள் தவிர, அவர் அதன்படிதான் நடக்க வேண்டும் என்று 1974-லேயே ஷம்ஷேர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பேரறிவாளன் வழக்கில் தமிழ்நாடு மந்திரிசபை 2018 செப்டம்பர் 9-ல் விடுதலைக்குப் பரிந்துரைத்தது. அது ஆளுநர் மாளிகையில் வருஷக்கணக்கில் கிடந்தது. 2022 மே 18-ல் உச்ச நீதிமன்றமே விடுவித்தது. மந்திரிசபையின் பரிந்துரை ஆளுநரைக் கட்டுப்படுத்தும் என்பதும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது.

ஜனாதிபதிக்கு இதை எழுத்தில் கட்டியது 1976-ன் 42-வது திருத்தம். 1978-ல் 44-வது திருத்தம், ஒரே ஒரு முறை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம் என்று கொஞ்சம் தளர்த்தியது.

கோப்புக்காரர்
44-வது திருத்தத்தைச் சொன்னதால் ஒரு குட்டிக் கதை. 1975 ஜூன் 25 இரவு ஜனாதிபதி அவசரநிலைப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். கேபினட் கூடியதே மறுநாள் காலையில்தான். முடிந்த கல்யாணத்துக்குத் தாம்பூலம் மாற்றிய மாதிரி. அதனால்தான் பிறகு, கேபினட்டின் முடிவு எழுத்தில் வராமல் ஜனாதிபதி அவசரநிலை அறிவிக்கக் கூடாது என்று 352-வது பிரிவில் சேர்த்தார்கள். அதுவரைக்கும் அரசியலமைப்பில் "மந்திரிசபை" என்ற சொல் உண்டு, "கேபினட்" என்ற சொல் கிடையாது.

இரண்டும் ஒன்றில்லையா என்று கேட்பீர்கள். இல்லை. மந்திரிசபையில் கேபினட் மந்திரி, இணை மந்திரி, துணை மந்திரி எல்லோரும் அடக்கம். அதில் மேல் வட்டம்தான் கேபினட், முடிவெடுப்பது அதுதான். டில்லியில் இந்த வித்தியாசம் பெரிது, இணை மந்திரிகள் அழைத்தால்தான் கேபினட் கூட்டத்துக்குள் போக முடியும். தமிழ்நாட்டில் எல்லோரும் ஒரே தரம், அதனால் நாம் இரண்டையும் கலந்தே பேசிவிடுகிறோம்.

பாம்பன்_பாலத்தடி
மொத்தம் எத்தனை மந்திரி வைக்கலாம்? கட்சிக்காரர் எல்லோருக்கும் ஒன்று கொடுத்துவிடலாமா?

சட்டப்புள்ள
முன்பு கொடுத்தார்கள். 2003-ல் வந்த 91-வது திருத்தத்துக்குப் பிறகு சபை எண்ணிக்கையில் 15 சதவீதத்துக்கு மேல் கூடாது. 234-க்குக் கணக்குப் போட்டால் முதலமைச்சரையும் சேர்த்து 35.

தேவிபட்டினம்_டீச்சர்
1954-ல் காமராசர் மந்திரிசபையில் மொத்தமே எட்டுப் பேர். அதில் ஒருவர் நம் ராமநாதபுரம் சேதுபதி, சண்முக ராஜேஸ்வர சேதுபதி. அரண்மனைக்காரர் காமராசருக்குக் கீழே மந்திரி! ஜமீன் ஒழிந்த கையோடு நடந்தது இது. பாடம் நடத்தும்போது பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால்தான் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இன்னொரு வேடிக்கை, காமராசர் முதலமைச்சர் ஆகும்போது சட்டமன்றத்தில் உறுப்பினரே இல்லை. நாடாளுமன்றத்தில் இருந்தார். எந்தச் சபையிலும் இல்லாதவர் ஆறு மாதம் வரை மந்திரியாக இருக்கலாம், அதற்குள் ஜெயித்து வர வேண்டும். அவர் குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று வந்தார். 1967-ல் அண்ணாவும் எம்.பி.யாக ஜெயித்தவர்தான், மேலவை வழியாக வந்தார். 1986-ல் மேலவையே போய்விட்டது, இப்போது காமராசர் வழி ஒன்றுதான்.

சட்டப்புள்ள
அந்த ஆறு மாதத்துக்கும் வரம்பு உண்டு டீச்சர். தேர்தலில் நிற்கவே தகுதி இல்லாதவருக்கு அது கிடையாது என்று 2001 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லித்தான் ஜெயலலிதாவின் நியமனம் செல்லாமல் போனது.

கீழக்கரை_காக்கா
அஸ்ஸலாமு அலைக்கும். வேலையாக இருந்தேன், இப்போதுதான் முழுவதும் படித்தேன். கொழும்பில் எங்களுக்கு வியாபாரத் தொடர்பு உண்டு, அதனால் ஒரு வார்த்தை. அக்கரையிலும் மந்திரிசபை இருக்கிறது, நாடாளுமன்றத்துக்குக் கூட்டுப்பொறுப்பும் இருக்கிறது. ஆனால் 1978 அரசியலமைப்புக்குப் பிறகு அந்த மந்திரிசபைக்குத் தலைவர் ஜனாதிபதி. மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்தவர். நம் ஜனாதிபதி கேபினட் கூட்டத்தில் உட்காருவதே இல்லை. 1974-ல் கச்சத்தீவு ஒப்பந்தம் போட்டபோது அங்கே சிறிமாவோ பிரதமர், இங்கே இந்திரா பிரதமர். இருவருமே நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள். இன்று பேச்சுவார்த்தை என்றால் எதிரே உட்காருபவரின் நாற்காலியே வேறு.

மண்டபம்_கேம்ப்
காக்கா சரியான இடத்துக்கு வந்தீர்கள். படகு பிடிபட்டால் நம் முதலமைச்சர் ஏன் கடிதம் மட்டும் எழுதுகிறார் என்று எங்கள் ஏலக்கடையில் தினம் ஒரு சண்டை. அவர் வேறு என்ன செய்ய முடியும்? வெளிநாட்டு விவகாரம் டில்லி மந்திரிசபையின் கையில். மீன்பிடிப்பு மாநிலப் பட்டியலில் 21-வது இனம். ஆனால் கரையோரக் கடலைத் தாண்டிய மீன்பிடிப்பு மத்தியப் பட்டியலில் 57-வது இனம். பன்னிரண்டு கடல் மைலுக்குள் வலை விட்டால் சென்னை, தாண்டினால் டில்லி. மீனுக்கு இது தெரியாது.

டில்லியிலும் மீன்வளம், கால்நடை, பால்வளத்துக்கு என்று தனி அமைச்சகம் வந்தது 2019-ல்தான். அதற்கு முன்பு வேளாண்மை அமைச்சகத்தில் ஒரு மூலை.

இரண்டு மந்திரிசபையும் சேர்ந்து வேலை செய்த கதையும் உண்டு. கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடி வலையை விட்டு ஆழ்கடலுக்குப் போங்கள் என்று 2017-ல் ஒரு திட்டம். படகு விலை 80 லட்சம். மத்திய அரசு 40 லட்சம், மாநிலம் 16, பாங்க் கடன் 16, சம்மாட்டி, அதாவது படகு முதலாளி, கைக்காசு 8. ஒரே படகுக்குள் இரண்டு நிதித்துறை. எந்தப் பக்கம் ஒரு கையெழுத்து தாமதமானாலும் படகு பட்டறையிலேயே நிற்கும். என் மச்சான் ஒருவர் விண்ணப்பித்துவிட்டு, 8 லட்சம் புரட்டுவதற்குள் மனசு மாறிவிட்டார்.

தென்கடல்_வத்தை
படிக்கப் படிக்கத் தலை சுற்றுகிறது. எங்கள் தூண்டில் வளைவுக்கு வாருங்கள். யாரிடம் போக வேண்டும், அதை மட்டும் சொல்லுங்கள்.

கோப்புக்காரர்
உங்கள் ஊருக்கு எதிரே தீவு இருக்கிறதல்லவா? மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றுக் கடலும் 1986-லிருந்து தேசியப் பூங்கா. அப்படியென்றால் கல் போடுவது மீன்வளத்துறை என்றாலும் வனத்துறை கேள்வி கேட்கும். கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை டில்லி சுற்றுச்சூழல் அமைச்சகத்துடையது, அந்த அனுமதியும் வேண்டும். நிதித்துறை எப்போதும் போல. மேடையில் நின்ற மந்திரிக்கு இதில் ஓர் இலாகாதான் சொந்தம், மற்றவற்றுக்கு அவர் கைகட்டி நின்று கேட்க வேண்டியவர். மற்ற இலாகாக்களின் பதில் வராமலே "கல் விழும்" என்று சொல்லிவிட்டார். பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. அவருக்கும் அன்று அப்படித்தான் தோன்றியிருக்கும், கூட்டத்தைப் பார்த்தால் யாருக்கும் தோன்றும்.

செய்ய வேண்டியது இரண்டு. முதலில், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, இந்த ஊருக்குத் திட்ட மதிப்பீடு தயாரானதா, எந்தத் தேதியில் எந்த அலுவலகத்துக்குப் போனது என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். "ஏன் செய்யவில்லை" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. தேதி கேளுங்கள், நகல் கேளுங்கள். கேபினட் ஆவணம் என்று சொல்லி மறுக்க இதில் எதுவும் இல்லை. அந்த விலக்குகூட முடிவெடுத்து விஷயம் முடிகிறவரைக்கும்தான்.

இரண்டாவது, உங்கள் எம்.எல்.ஏ.வைப் பிடியுங்கள். மனுவை மந்திரியிடம் கொடுத்து போட்டோ எடுக்கச் சொல்லாதீர்கள். சட்டமன்றத்தில் கேள்வியாகக் கேட்கச் சொல்லுங்கள். அல்லது மீன்வளத்துறைக்குப் பணம் ஒதுக்கும் மானியக் கோரிக்கை சபைக்கு வரும்போது பேசச் சொல்லுங்கள். அங்கே மந்திரி எழுந்து "ஆவன செய்யப்படும்" என்று சொன்னால் அது சபைக் குறிப்பேட்டில் ஏறும். சபையில் அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று உண்டு. மந்திரிகள் சபையில் கொடுத்த வாக்கு என்ன ஆனது என்று துரத்துவதுதான் அதன் வேலை. மாவட்டம் மாவட்டமாக வந்து அதிகாரிகளை உட்கார வைத்துக் கேட்பார்கள். அந்தக் குழு வருகிறது என்றால் செக்‌ஷனில் பழைய ஃபைல் எல்லாம் தூசி தட்டி வெளியே வரும். நானே தட்டியிருக்கிறேன்.

சட்டப்புள்ள
வத்தை அண்ணா, நீங்கள் முதலில் கேட்டதற்குப் பதில் இங்கே இருக்கிறது. மேடையில் சொன்னால் அது அவருடைய வாக்கு. சபையில் சொன்னால் அரசின் வாக்கு. நாளைக்கு இலாகா மாறினாலும் அடுத்து அந்த நாற்காலியில் உட்காருபவர் பதில் சொல்லியாக வேண்டும், "நான் சொல்லவில்லை" என்று நழுவ முடியாது.

பாம்பன்_பாலத்தடி
எம்.எல்.ஏ. கேட்கவில்லை என்றால்?

தேவிபட்டினம்_டீச்சர்
பக்கத்துத் தொகுதி எம்.எல்.ஏ.வைக் கேட்கச் சொல்லலாம். எந்த உறுப்பினரும் கேட்கலாம், எதிர்க்கட்சிக்காரருக்கு இன்னும் ஆசையாக இருக்கும்.

பாம்பன்_பாலத்தடி
அது பாயிண்ட் டீச்சர்.

தென்கடல்_வத்தை
இரண்டு நாளாகக் கடலுக்குப் போனதால் பதில் போட முடியவில்லை. நேற்றுச் சாயங்காலம் சங்கத்தில் உட்கார்ந்து பழைய மனுவை எடுத்துப் பார்த்தோம். மேலே மூன்று மந்திரிகள், கலெக்டர், எம்.பி., எம்.எல்.ஏ. என்று ஏழு பேர் பெயர். கீழே பாதிப் பக்கம் வணக்கமும் வாழ்த்தும். தூண்டில் வளைவு எத்தனை மீட்டர், எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை என்று ஒரு வரி இல்லை. இரண்டாகப் பிரித்துவிட்டோம். ஒன்று தகவல் கேட்டு, ஒன்று எம்.எல்.ஏ.வுக்குக் கேள்வி வடிவத்தில். தலைவர் வாழ்த்தை எடுக்கச் சம்மதிக்கவில்லை, ஒரு வரி மட்டும் விட்டுவைத்திருக்கிறோம். டீச்சர், கேள்வியை இங்கேயே போடுகிறேன், பிழை திருத்தித் தாருங்கள்.

தேவிபட்டினம்_டீச்சர்
போடு தம்பி. "அரிப்பு"க்கு வல்லின றி போட்டுவிடாதே, போன மனுவில் ஊர் முழுக்க அறிந்துகொண்டிருந்தது.

கோப்புக்காரர்
ஸ்பீட் போஸ்டில், போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையோடு அனுப்புங்கள். ஒப்புகை வந்ததும் தேதியோடு இங்கே சொல்லுங்கள், முப்பது நாளை நான் எண்ணுகிறேன்.